மாட்டாஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும்

கன்று போட்டு ஒரு நாள்தான் ஆகியிருக்கும். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு. சாயங்காலம் வரை நின்றுகொண்டிருந்தது, இருட்டியதும் படுத்துவிடும். தட்டினாலும் எழாது. கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் போட்டுக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இதற்குப் பால் சுரம் என்று பெயர். பெயரில்தான் சுரம், உடம்பு குளிர்ந்துதான் கிடக்கும். சீம்பாலோடு சுண்ணாம்புச் சத்து மொத்தமும் மடிக்கு இறங்கி, இரத்தத்தில் அது வற்றிப்போவதால் தசைகள் துவண்டுவிடுகின்றன.

மருந்து இருக்கிறது. கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் ஏற்றினால், சாகக் கிடந்த மாடு ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்த மருந்து வேகமாக ஏறினால் இதயம் தடுமாறி நின்றுவிடவும் கூடும். ஊசி நரம்பைவிட்டு நழுவக் கூடாது, பாட்டில் இருக்கும் உயரத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், மருந்து ஏறுகிற நேரம் முழுக்க ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் மருத்துவருக்கு இருப்பது இரண்டு கை. எனவே பாட்டிலை வீட்டுக்காரரின் மகன் பிடித்துக்கொள்வான். டார்ச்சைப் பக்கத்து வீட்டுக்காரர் அடிப்பார். "கொஞ்சம் இறக்குப்பா, இன்னும் இறக்கு" என்று மருத்துவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பையன் கை வலித்து மாற்றிக்கொள்ளும் நொடியில் பாட்டில் ஓர் அடி உயர்ந்துவிடும்.

மனிதர்களுக்கான மருத்துவமனையில் இதய நோயாளியின் டிரிப்ஸ் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நோயாளியின் மகனிடம் கொடுத்தால் ஊரே கேள்வி கேட்கும். அங்கே ஒரு செவிலியர் நிற்பார். மூன்று நான்கு ஆண்டு படித்தவர், பதிவெண் உள்ளவர், தப்பு நடந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கால்நடை மருத்துவத்தில் அந்த இடம் தமிழ்நாட்டில் காலியாகவே இருக்கிறது. அமெரிக்காவில் அந்த இடத்துக்கு ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. வெட்டரினரி டெக்னாலஜி என்று பெயர். பிளஸ் டூ முடித்து உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அரசும் அந்தப் படிப்பின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, செய்யக் கூடாதென்று கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

அமெரிக்காவிலும் வெகுகாலம் கால்நடை மருத்துவருக்கு உதவியாக இருந்தவர்கள் வேலையில் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்தான். 1961-இல் நியூயார்க் மாநிலத்தின் டெல்ஹி என்ற சிற்றூரில் இருக்கும் அரசுக் கல்லூரி இதை ஒரு பாடத்திட்டமாக்கியது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேறு கல்லூரிகளும் சேர்ந்துகொண்டன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இந்தப் படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியது. அப்போது இவர்களுக்கு 'விலங்கு டெக்னீஷியன்' என்று பெயர். 1989-இல்தான் அது 'கால்நடை மருத்துவ டெக்னீஷியன்' ஆனது. இன்று அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் இருநூறுக்கும் மேல். இரண்டாண்டுப் படிப்பை முடித்தவரை டெக்னீஷியன் என்றும், நான்காண்டுப் பட்டம் பெற்றவரை டெக்னாலஜிஸ்ட் என்றும் அழைக்கிறார்கள். இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம் தன் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இதைக் கற்பிக்கிறது. வருங்கால மருத்துவரும் வருங்கால டெக்னாலஜிஸ்ட்டும் ஒரே மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் படிப்பின் பெயரையே வெட்டரினரி நர்சிங் என்று மாற்றிவிட்டது.

என்ன படிக்கிறார்கள்? முதலில் எலும்பு, தசை, நரம்பு, வேதியியல் என்று எல்லோருக்கும் பொதுவான அடிப்படை. பிறகு வேறுபாடுகளின் பாடம் தொடங்குகிறது. செவிலியர் படிப்பில் உடம்பு ஒன்றுதான். இங்கே நாய், பூனை, குதிரை, மாடு, ஆடு, பன்றி, கோழி, முயல், ஆமை என்று ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். நம் வீட்டில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் வயிற்று வலி வந்த குதிரைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றை இறக்க வேண்டியிருக்கும். மாட்டை மயக்கி மல்லாத்தினால் அசைபோடும் இரைப்பையில் காற்று சேர்ந்து உப்பி மூச்சை அமுக்கும். இதையெல்லாம் தெரியாதவர் அன்போடு கவனித்தாலும் உயிர் போகலாம்.

கணக்கும் உண்டு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள நாய். வலி மருந்து ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதுகிறார். மொத்தம் 2.4 மில்லிகிராம். குப்பியில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கிறது. சிரிஞ்சில் இழுக்க வேண்டியது 0.48 மில்லி. புள்ளி ஓர் இடம் தள்ளினால் 4.8. பத்து மடங்கு. முதலாண்டு மாணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லும் வரை இந்தக் கணக்கைப் போட வைக்கிறார்கள்.

இந்தப் படிப்பின் அருமை தெரிய வேண்டுமானால் ஓர் அறுவை அரங்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டை நாய்க்குக் கருத்தடை நடக்கிறது. மருத்துவரின் கண் முழுக்க வயிற்றுக்குள் இருக்கிறது. நாயின் தலைமாட்டில் நிற்பவர் டெக்னாலஜிஸ்ட். மூச்சுக்குழாயில் டியூபைச் செருகியவர் அவர், மயக்க வாயுவின் அளவைத் திருகுபவரும் அவரே. ஒரு விரலால் கண்ணின் ஓரத்தை மெல்லத் தட்டிப் பார்க்கிறார், இமைக்கிறதா என்று. தாடையை லேசாக அசைக்கிறார், தளர்ந்திருக்கிறதா என்று. போதுமான மயக்கத்தில் நாயின் விழி கீழ்நோக்கிச் சுழன்றிருக்கும். அது நடுவுக்குத் திரும்பி வந்துவிட்டால் இரண்டு அர்த்தம் உண்டு. மயக்கம் தெளிகிறது என்று இருக்கலாம், ஆபத்தான அளவுக்கு ஆழ்ந்துவிட்டது என்றும் இருக்கலாம். ஒன்றுக்கு வாயுவைக் கூட்ட வேண்டும், மற்றொன்றுக்கு உடனே குறைக்க வேண்டும். எது என்று இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சில் வரும் கரியமில வாயுவின் அளவையும் சேர்த்துப் பார்த்து அவர் முடிவுக்கு வந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் தாளில் குறிக்கிறார். தையல் முடிந்த பிறகும் அவர் வேலை முடிவதில்லை. நாய் தானாக எச்சில் விழுங்கத் தொடங்கும் வரை டியூபை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் நாடு முழுவதற்குமான ஒரு தேர்வு. மூன்று மணி நேரம், 170 கேள்விகள். அவற்றில் 150-க்கு மட்டும் மதிப்பெண். மீதி இருபது, வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எது எந்த வகை என்று எழுதுபவருக்குத் தெரியாது. பெரும்பாலான மாநிலங்களில் இதில் தேறியவர்தான் பதிவு செய்துகொள்ள முடியும். அதற்குப் பிறகும் அவர் செய்யக் கூடாதவை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. நோய் இன்னதென்று தீர்மானிக்கக் கூடாது, பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லக் கூடாது, மருந்து எழுதக் கூடாது, அறுவை செய்யக் கூடாது. இரத்தம் எடுப்பது, நரம்பில் ஊசி ஏற்றுவது, எக்ஸ்ரே, ஆய்வகச் சோதனை, பல் சுத்தம் செய்வது, மயக்கத்தைக் கண்காணிப்பது, அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உரிமையாளருக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை இவர்கள் கையில். ஏதாவது ஒரு துறையில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு அவசர சிகிச்சை, மயக்கவியல், பல் மருத்துவம் என்று தனித்தனிச் சிறப்புத் தகுதிகளும் உண்டு.

இவ்வளவும் நல்ல செய்தி. அடுத்து வருவது கசப்பானது, அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் புள்ளிவிவரப்படி 2023-இல் இவர்களின் நடுநிலை ஆண்டு ஊதியம் 43,740 டாலர். அதே ஆண்டில் மனிதர்களைப் பார்க்கும் பதிவுபெற்ற செவிலியருக்கு 86,070 டாலர். கால்நடை மருத்துவருக்கு 119,100 டாலர். மயக்கத்தில் இருக்கும் உயிரைக் கையில் வைத்திருப்பவருக்குச் செவிலியரின் ஊதியத்தில் பாதிதான். இரண்டாண்டு படித்தவரையும் நான்காண்டு படித்தவரையும் அந்தப் புள்ளிவிவரம் ஒரே கணக்கில்தான் வைக்கிறது, பல மருத்துவமனைகளும் அப்படித்தான் நடத்துகின்றன. நான்காண்டுப் பட்டத்துக்கு மதிப்புக் கிடைப்பது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்கள், மருந்து நிறுவனங்கள், கற்பிக்கும் வேலை போன்ற இடங்களில். போதாததற்கு உடல் காயங்கள். கடி, உதை, கீறல், எடை தூக்குவதால் வரும் முதுகு வலி என்று, வேலையிடக் காயங்கள் மிக அதிகமுள்ள தொழில்களில் இதையும் அதே அரசுத் துறை சேர்த்திருக்கிறது. மனக் காயம் தனி. காலையில் ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட உதவியவர், மத்தியானம் பதினைந்து வயதுக் கிழ நாயைக் கருணைக் கொலை செய்யும்போது அதைக் கையில் பிடித்திருப்பார். அழும் உரிமையாளரைத் தேற்றுவதும் பெரும்பாலும் இவர்தான். சில ஆண்டுகளிலேயே தொழிலைவிட்டுப் போகிறவர்கள் அங்கே நிறைய.

இவர்களை வைத்துக்கொள்வதால் மருத்துவமனைக்கு நட்டமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, ஒரு மருத்துவருக்குத் துணையாகத் தகுதிச் சான்றுள்ள டெக்னீஷியன் ஒருவர் கூடும்போது அந்த மருத்துவர் வழியாக மருத்துவமனைக்கு வரும் ஆண்டு வருவாய் 93,311 டாலர் கூடியிருப்பதைக் கண்டது. இதே கணக்கு சான்றில்லாத உதவியாளருக்குப் பொருந்தவில்லை. படித்தவர் பக்கத்தில் இருந்தால் மருத்துவர் தான் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் செய்கிறார், கூடுதல் விலங்குகளைப் பார்க்கிறார். அந்தக் கூடுதல் வருவாயில் படித்தவருக்குப் போய்ச் சேர்ந்தது போதவில்லை என்பதுதான் குறை.

ஏன் இப்படி? சட்டத்தைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைக்கிறது. கல்லூரிகள் வேகமாகப் பெருகின, சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக நின்றுவிட்டது. ஒரே படிப்பு, ஒரே தேர்வு. கலிஃபோர்னியாவில் அவர் பதிவுபெற்ற டெக்னீஷியன், நியூயார்க்கில் உரிமம் பெற்ற டெக்னீஷியன், பென்சில்வேனியாவில் சான்றுபெற்ற டெக்னீஷியன். வேறு சில மாநிலங்களில் படிக்காதவரும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தடையில்லை. இவர்களின் தேசிய சங்கம் 2016-இல் நாடு முழுக்க 'கால்நடைச் செவிலியர்' என்ற ஒரே பெயரைக் கொண்டுவர இயக்கம் தொடங்கியது. மனிதச் செவிலியர் அமைப்புகள் 'நர்ஸ்' என்ற சொல் எங்களுடையது என்று எதிர்த்தன. இங்கிலாந்திலும் இதே தகராறு நடந்தது. 1961-இல் அங்கே பயிற்சி தொடங்கியபோது அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாமல் 'விலங்குப் பராமரிப்புத் துணையாளர்' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்தார்கள். கால்நடைச் செவிலியர் என்ற பெயர் 1984-இல்தான் கிடைத்தது. இன்று அங்கே அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது. உடற்குழிக்குள் போகாத சிறு அறுவைகளை மருத்துவரின் வழிகாட்டுதலில் செய்யும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பெயருக்கு இத்தனை போராட்டமா என்று தோன்றலாம். பெயர் நிலைத்தால்தான் அது பதிவேட்டில் ஏறும், பதிவேட்டில் ஏறியதற்குத்தான் ஊதிய விகிதம் வரும்.

கொலராடோ மாநிலத்தில் 2024 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பு இதன் அடுத்த கட்டம். மருத்துவருக்கும் டெக்னீஷியனுக்கும் நடுவில், முதுநிலைப் பட்டம் பெற்ற ஒரு புதிய பதவியை உருவாக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். கால்நடை மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. சிறிய வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஏற்கெனவே இருக்கும் டெக்னாலஜிஸ்டுகளை முழுதாகப் பயன்படுத்தி, முறையான சம்பளம் கொடுத்திருந்தால் புதிய பதவிக்குத் தேவையே வந்திருக்காது என்று அங்கே பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தப் பின்னணியில், இந்தப் பட்டத்துக்காக அமெரிக்கா போக நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். படிப்பு அருமையானது, ஐயமில்லை. ஆனால் படித்து முடித்து அங்கேயே வேலையில் நிலைக்க உதவும் எச்-1பி விசாவுக்கு, அந்த வேலைக்குக் குறைந்தது இளநிலைப் பட்டம் தேவை என்று காட்ட வேண்டும். டெக்னீஷியன் வேலைக்கு இரண்டாண்டுப் படிப்பே போதும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. எனவே அந்தக் கதவு இவர்களுக்குக் குறுகலானது. நிலத்தை அடகு வைத்து நான்காண்டுக் கட்டணம் கட்டும் முன் குடும்பம் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பலர் கல்லூரி வளாகத்தின் படத்தைக் காட்டுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

படிப்பை இங்கே கொண்டுவந்தால் என்ன?

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு இடம் மாறியது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகத்தை முதலில் நிறுவிய மாநிலம் தமிழ்நாடு. இன்று நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று அதன் கல்லூரிகள் பரவியிருக்கின்றன. பி.வி.எஸ்சி. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதோடு உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பி.டெக். பட்டங்களும் ஆண்டுதோறும் கலந்தாய்வுக்கு வருகின்றன. பாலைப் பதப்படுத்தவும் முட்டை உற்பத்தியைப் பெருக்கவும் பட்டம் இருக்கிறது. நோயுற்ற மாட்டின் தலைமாட்டில் நிற்பதற்கான பட்டம் அந்த வரிசையில் இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் சுமார் 95 இலட்சம். வெள்ளாடுகள் ஏறத்தாழ ஒரு கோடி, செம்மறிகள் 45 இலட்சம், கோழிகள் 12 கோடி. இவற்றுக்கு மருத்துவரின் பக்கத்தில் நிற்பவர்கள் கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும். கிளை நிலையத்தில் தனியாக உட்கார்ந்து சினை ஊசி போட்டு, கோமாரித் தடுப்பூசிக்கு வீடு வீடாக நடந்து, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றி இந்தத் துறையைத் தாங்குபவர்கள் அவர்கள்தான். அவர்களின் கைப்பழக்கமும் மாட்டைக் கையாளும் துணிவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஆனால் அரசு அவர்களுக்குக் கொடுத்திருப்பது மாதக் கணக்கில் எண்ணும் பயிற்சி. மயக்க மருந்தைக் கண்காணிக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் அந்தப் பயிற்சி போதாது என்றால் அது அவர்கள் குற்றமில்லை.

சட்டம் இன்னும் பின்னால் இருக்கிறது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் வந்தது 1984-இல். அதன் முப்பதாம் பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் கால்நடை வைத்தியம் செய்யக் கூடாது என்கிறது. சரியான விதிதான். விதிவிலக்காக, பட்டயமோ சான்றிதழோ பெற்ற மேற்பார்வையாளர், ஸ்டாக்மேன், உதவியாளர் ஆகியோர் மருத்துவரின் மேற்பார்வையில் 'சிறு சேவைகள்' செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். சிறு சேவை என்பதற்குச் சட்டமே சொல்லும் உதாரணங்கள் மூன்று: தடுப்பூசி, காயடித்தல், காயத்துக்குக் கட்டுப் போடுதல். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கிராமத்துத் தொழுவத்தை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அது. இன்று ஸ்கேன், மயக்க வாயு இயந்திரம், இரத்தம் ஏற்றுதல், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பெரிய மருத்துவமனைகள் மாறிவிட்டன. அந்த இயந்திரங்களின் பக்கத்தில் நிற்பவர் யார், என்ன படித்தவர், எதுவரை செய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் சொல் இல்லை.

மனித மருத்துவத்தில் இந்தக் குறையைத் தீர்க்க 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆய்வக நிபுணர், கதிர்ப்பட நிபுணர், மயக்கவியல் தொழில்நுட்பர், இயன்முறை மருத்துவர் என்று பல துறையினரையும் ஒரு தேசிய ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்து, படிப்புக்கும் பதிவுக்கும் வரையறை செய்தது. கால்நடைத் துறைக்கு அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. ஹரியாணாவின் ஹிசார், பஞ்சாபின் லூதியானா, ஆந்திரத்தின் திருப்பதி ஆகிய இடங்களில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகங்கள் இரண்டாண்டுப் பட்டயம் நடத்துகின்றன. அவற்றைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் குறி வைப்பது அரசின் உதவியாளர் பணியிடத்தை. அந்த அறிவிப்பு வராத ஆண்டுகளில் பட்டயம் அலமாரியில் இருக்கும்.

தேவை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியில் ஒரு மருத்துவர், ஒரு துணைப் பணியாளர், ஓட்டுநர் என்று மூவர் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசுத் திட்டத்தின் அமைப்பு. ஏறத்தாழ ஓர் இலட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி. அந்த இரண்டாவது இருக்கையில் பட்டதாரிச் செவிலியர் உட்கார்ந்தால், பால் சுரத்தில் கிடக்கும் மாட்டுக்கு மருந்து பாதுகாப்பாக ஏறும். தெருநாய் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கொடுத்த திருத்திய உத்தரவு, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறியோ மூர்க்கமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அதையடுத்து மாநகராட்சிகள் கருத்தடை மையங்களைக் கூட்டப் பேசத் தொடங்கின. மேலே சொன்ன அறுவை அரங்கின் தலைமாட்டில் யாரை நிறுத்தப் போகிறார்கள்? ஒரு நாளைக்குப் பல நாய்கள், ஒரு மருத்துவர், கண்ணின் ஓரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றால், தையல் பிரிந்தும் மயக்கத்தில் மூச்சடைத்தும் நாய்கள் சாகும். அந்தச் சாவுகளைக் காட்டித் திட்டத்தையே நிறுத்தச் சொல்பவர்களும் வருவார்கள்.

மருத்துவர்களிடமிருந்து ஓர் எதிர்ப்பு வரும் என்பதும் தெரிந்ததே. ஏற்கெனவே ஊருக்கு ஊர் போலி வைத்தியர்கள், இதில் இன்னொரு அடுக்கைப் படிக்கவைத்து அனுப்பினால் அவர்களும் தனியாக ஊசி போடத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. பொய்யான கவலை இல்லை. கொலராடோவில் மருத்துவர்கள் எதிர்த்ததும் இதை ஒத்த கவலையால்தான். ஆனால் போலி வைத்தியருக்கு இழப்பதற்குப் பதிவெண் கிடையாது. பதிவெண் உள்ள செவிலியர் வரம்பை மீறினால் அதைப் பறிக்கலாம், அவருக்குத் தொழிலே போய்விடும். வரம்பை எழுதிவைக்காத இடத்தில்தான் மீறல் வளர்கிறது. நோயறிதல், மருந்து எழுதுதல், அறுவை மூன்றும் மருத்துவருக்கே என்று அமெரிக்காவைப் போலத் தெளிவாக எழுதி, மீதியில் எது மருத்துவர் பக்கத்தில் நிற்கும்போது, எது அவர் தொலைபேசியில் சொல்லும்போது என்று பிரித்துவிட்டால் சண்டைக்கு இடமிருக்காது.

நம்மிடமே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1909-இல் வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அதே வேலூரும் டெல்லியும் இந்தியாவின் முதல் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டத்தை ஆரம்பித்தன. நர்ஸுக்கு எதற்குப் பட்டம் என்ற கேள்வியை அந்தக் காலத்தவர்களும் சந்தித்திருப்பார்கள். அடுத்த ஆண்டே, 1947-இல், இந்திய நர்சிங் மன்றச் சட்டம் வந்தது. படிப்பும் பதிவும் அப்படி அடுத்தடுத்து வந்ததால்தான் தமிழ்நாட்டுச் செவிலியர் இன்று இலண்டனிலும் துபாயிலும் தன் பட்டத்தைக் காட்டி வேலை கேட்க முடிகிறது. அமெரிக்கக் கால்நடை டெக்னாலஜிஸ்டுக்கு இந்த வரிசை குலைந்தது. கல்லூரி 1961-இல் வந்தது, ஒரே சீரான சட்டம் இன்றுவரை வரவில்லை.

எனவே தமிழ்நாட்டில் இந்தப் பட்டத்தைத் தொடங்கச் சொல்லும்போது வரிசையும் முக்கியம். முப்பதாம் பிரிவைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. அதற்குக் காத்திருக்காமலே, அதே பிரிவு கொடுக்கும் அதிகாரத்தின்படி சிறு சேவைகளின் பட்டியலை மாநில அரசு அறிவிக்கையால் விரிவாக்கலாம். இணையாகப் பணியிடங்கள் வேண்டும். முதலில் மாவட்டப் பன்முக மருத்துவமனைகளிலும் கருத்தடை மையங்களிலும், பிறகு 1962 ஊர்திகளிலும். ஊதியம் அரசு மருத்துவமனையின் பட்டதாரிச் செவிலியருக்கு நிகராக இருக்க வேண்டும், ஒரு ரூபாய் குறைந்தாலும் அமெரிக்கா செய்த தவறை நாமும் செய்தவர்களாவோம். பணியில் இருக்கும் கால்நடை ஆய்வாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இடம் ஒதுக்க வேண்டும். இருபது ஆண்டு மாட்டோடு நின்றவர், இருபது வயதுப் பட்டதாரிக்குக் கீழே போய்விடுவோமோ என்று பயந்தால் திட்டம் உள்ளிருந்தே கெடும்.

கற்பிக்கும் இடத்துக்குப் பஞ்சமில்லை. வேப்பேரி மருத்துவமனையின் வாசலில் காலையிலேயே நாயும் பூனையும் ஆடுமாகக் கூட்டம் நிற்கிறது. நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள், ஒரத்தநாட்டில் டெல்டாவின் மாடுகள். மூன்று கல்லூரியிலும் முப்பது முப்பது இடம் என்று தொடங்கினால் தொண்ணூறு பேர். நான்கு ஆண்டில் வெளியே வரும் முதல் தொகுதியை மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்து அனுப்பலாம். கலந்தாய்வு மேசையில் தகப்பனார் கேட்கும் முதல் கேள்வி "இதைப் படிச்சா என்ன வேலைங்க?" என்பதாகத்தான் இருக்கும். பணியிடத்தின் பெயரும் ஊதிய விகிதமும் அச்சான அரசாணை அந்த மேசையில் இருந்தால், அலுவலர் அதைத் திருப்பிக் காட்டிவிடலாம்.